காரணம் கேட்கும் நீதிமன்றம்



அமெரிக்காவின் கிழக்குக் கரையில், நியூயார்க்கை ஒட்டினாற்போல் நெவார்க் என்றொரு நகரம் உள்ளது. நியூஜெர்சி மாநிலத்தின் மிகப் பெரிய நகரம் அதுவே. அந்நகரக் காவல்துறையில் பணிபுரிந்த முஸ்லிம் அதிகாரிகள் இருவர் தாடி வைத்திருந்தனர். காவலர் முகத்தை மழித்திருத்தல் வேண்டும் என்பது 1971ஆம் ஆண்டு முதல் அத்துறையில் நிலவிவந்த உத்தரவு. அதனை இனிக் கண்டிப்புடன் நிறைவேற்றப் போவதாகவும், மீறுவோர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் 1997ஆம் ஆண்டில் துறைத் தலைமை அறிவித்தது. ஒரு பக்கம் குடும்பத்தைக் காக்கும் வேலை. மறு பக்கம் மார்க்கக் கடமையெனக் கொண்டு வளர்த்த தாடி. இரண்டில் எதனை விடுவது?

அவ்விருவரும் நீதிமன்றத்தின் கதவைத் தட்டினர். அவர்களுடன் வாதியாக நின்றது எது என்பதை அறிந்தால் வியப்பீர்கள். அந்நகரக் காவலர்களின் சங்கமே அவர்களுக்காக வழக்குத் தொடுத்தது. பல மதத்தினரும் உறுப்பினராக இருந்த சங்கம் அது. தோழமை என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

தாடி வைக்க இயன்ற ஒரு முஸ்லிம் ஆண் அதனை வைக்க மறுப்பது பெரும்பாவம் என்பது தங்கள் நம்பிக்கை என்று அவ்விருவரும் எடுத்துரைத்தனர். தாடி வாஜிபா, சுன்னத்தா, அதன் அளவு யாது என்பன பற்றியெல்லாம் நம் ஆலிம் பெருமக்களிடையே நிலவும் கருத்துகளை நீங்கள் அறிவீர்கள். அமெரிக்க நீதிமன்றம் அந்த ஆராய்ச்சிக்குள் நுழைவதில்லை. கேட்பவர் உள்ளத்தால் மெய்யாகவே அவ்வாறு நம்புகின்றாரா என்பதே அதற்கு முக்கியம். இவ்வரையறை நன்றெனவே எனக்குத் தோன்றுகிறது. பிலடெல்பியா நீதிபதி நமக்கு ஃபத்வா வழங்கத் தொடங்கினால் அது அவருக்கும் நன்றன்று, நமக்கும் நன்றன்று.

ஆயினும் அவர்களுடைய பாதை எளிதாக இருக்கவில்லை. 1990ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பை வழங்கியிருந்தது. பழங்குடியினரின் சமயச் சடங்கில் போதை தரும் தாவரம் உட்கொண்டமைக்காக வேலையிழந்த இருவரின் வழக்கு அது. எல்லோருக்கும் பொதுவாக விதிக்கப்பட்ட சட்டம் ஒருவருடைய மத அனுஷ்டானத்துக்குத் தற்செயலாகக் குறுக்கே நின்றால், அதற்காகச் சட்டம் வளைந்துகொடுக்க வேண்டியதில்லை என்று அந்நீதிமன்றம் சொல்லிவிட்டது. காவலர் அனைவரும் மழிக்க வேண்டும் என்பதும் பொதுவிதிதானே? நெவார்க் நகராட்சியின் வழக்கறிஞர்கள் இதனையே பற்றிக்கொண்டனர்.

அந்தப் பொதுவிதியில் ஒரு விலக்கு இருந்தது. சிலருக்கு, அதிலும் குறிப்பாகக் கறுப்பின ஆண்களுக்கு, மழித்த மயிர் சுருண்டு தோலுக்குள்ளேயே வளர்ந்து கட்டிகளை உண்டாக்கும். அத்தகையோர் மருத்துவரின் சான்று காட்டினால் தாடி வைக்கத் துறை அனுமதித்தது. தோல் நோய் என்றால் தாடி வைக்கலாம். மார்க்கம் என்றால் வைக்கலாகாது. வழக்கின் உயிர்நாடி இந்த ஒரு முரண்பாட்டில்தான் இருந்தது.

மாவட்ட நீதிமன்றம் காவலர்களின் பக்கம் தீர்ப்பளித்தது. நகராட்சி மேல்முறையீடு செய்தது.

மூன்று நீதிபதிகளின் மன்றம்

இவ்விடத்தில் சற்றே நின்று, அம்மேல்முறையீட்டு நீதிமன்றம் எத்தகையது என்பதைப் பார்த்துவிடுவோம். செய்தித்தாளில் "அமெரிக்க அப்பீல் கோர்ட் தீர்ப்பு" என்று நாம் அடிக்கடி படிக்கின்றோம். அது எந்த நீதிமன்றம் என்று கேட்பாரில்லை.

நம் நாட்டில் கீழ் நீதிமன்றம் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை ஒரே ஏணிதான். அமெரிக்காவில் இரண்டு ஏணிகள் உள்ளன. ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதன் சொந்த நீதிமன்றங்கள் உண்டு. அவற்றின் பக்கத்திலேயே மத்திய அரசின், அதாவது ஃபெடரல் அரசின், நீதிமன்றங்கள் தனியே இயங்குகின்றன. மத்தியச் சட்டங்களும் அரசியல் சாசன உரிமைகளும் சம்பந்தப்பட்ட சிவில், கிரிமினல் வழக்குகள் இந்த இரண்டாம் ஏணியில் ஏறுகின்றன. அடிப்படியில் 94 மாவட்ட நீதிமன்றங்கள். நடுவில் 13 மேல்முறையீட்டு நீதிமன்றங்கள். உச்சியில் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்த உச்ச நீதிமன்றம். 1891ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்த நடுப்படி உருவாயிற்று. நாம் பேசிக்கொண்டிருக்கும் மூன்றாம் வட்டார நீதிமன்றம் பிலடெல்பியாவில் அமர்கிறது. பென்சில்வேனியா, நியூஜெர்சி, டெலவேர் மாநிலங்களும் விர்ஜின் தீவுகளும் அதன் ஆளுகைக்கு உட்பட்டவை.

உச்ச நீதிமன்றம் ஆண்டொன்றுக்கு விரிவாக விசாரிப்பது ஏறத்தாழ அறுபது, எழுபது வழக்குகளைத்தான். எந்த வழக்கை எடுப்பது என்பதும் அதன் விருப்பம். ஆகையால் மற்ற ஆயிரக்கணக்கான வழக்குகளுக்கு இந்த நடுப்படியே இறுதிப்படி. அங்கே தோற்றவர், சட்டப்படி பார்த்தால் மேலே போகலாம். நடைமுறையில் பெரும்பாலோர்க்குக் கதவு அடைபட்டுவிடும்.

அங்கே சாட்சிக் கூண்டு இல்லை, ஜூரிகளும் இல்லை. பொதுவாக மூன்று நீதிபதிகள் அமர்வார்கள். கீழ் நீதிமன்றத்தில் பதிவான வழக்குக் கட்டும் இரு தரப்பு எழுத்து வாதங்களும் அவர்கள் முன் இருக்கும். வாய்மொழி வாதம் உண்டெனில் பல வேளைகளில் ஒரு தரப்புக்குக் கால் மணி நேரமே. புதிய சாட்சியை அழைத்துவர இயலாது. கீழே நடந்த விசாரணையில் சட்டம் சரிவரப் பொருத்தப்பட்டதா என்பதையே அவர்கள் பார்ப்பார்கள். காலக்கெடுவும் கண்டிப்பானது. சிவில் வழக்கில் தீர்ப்பு வந்த 30 நாட்களுக்குள், மத்திய அரசு ஒரு தரப்பாக இருந்தால் 60 நாட்களுக்குள், அறிவிப்புக் கொடுத்துவிட வேண்டும். கிரிமினல் வழக்கில் தண்டனை பெற்றவருக்கு 14 நாட்களே. ஜூரிகள் ஒருவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்துவிட்டாலோ, அரசு அதனை எதிர்த்து மேல்முறையீடு செய்ய முடியாது.

ஒரு நீதிபதி வழங்கிய தீர்ப்பை மற்றொருவர் மாற்றுவதில் முன்னவருக்கு இழுக்கேதுமில்லை. இதனை நமக்கு அந்நிய நாட்டார் கற்பிக்க வேண்டியதில்லை. ஓர் இரவில் ஆடுகள் புகுந்து மேய்ந்த விளைநிலத்தின் வழக்கைத் திருமறையின் அல்அன்பியா அத்தியாயத்தில் நீங்கள் ஓதியிருப்பீர்கள். தாவூத் (அலை) அவர்கள் ஒரு விதமாகத் தீர்ப்பளிக்க, அவர்களுடைய புதல்வர் சுலைமான் (அலை) அவர்களுக்கு அதனினும் பொருத்தமான தீர்வை அல்லாஹ் விளங்க வைத்தான். அவ்விருவருக்குமே ஞானமும் கல்வியும் வழங்கப்பட்டிருந்ததாகவும் அவ்விடத்திலேயே இறைவன் கூறிவிடுகின்றான்.

நெவார்க்கின் முடிவு

1999ஆம் ஆண்டு மார்ச் மாதம் மூன்றாம் வட்டார நீதிமன்றம் கீழ்த் தீர்ப்பை உறுதி செய்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சாமுவேல் அலிட்டோ. இப்பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இருமுறை வருகிறது.

காவலர்கள் ஒரே தோற்றத்தில் இருந்தால்தான் மக்கள் அவர்களை அடையாளம் காண்பர், துறையில் ஒழுங்கும் நிலவும் என்பது நகராட்சியின் வாதம். அப்படியாயின் தோல் நோய் உள்ளவரின் தாடி மட்டும் அந்த ஒரே தோற்றத்தைக் கெடுக்காதோ என்று நீதிபதி கேட்டார். வேவு பார்க்கும் பணியில் சாதாரண உடையில் திரியும் காவலர்க்கும் விலக்கு இருந்தது. அதனை அவர் பொருட்படுத்தவில்லை. அவர்கள் காவலர் என்று மக்களுக்குத் தெரியவே கூடாதே! நோய்க்கான விலக்கு அத்தகையதன்று. உலகியல் காரணத்துக்கு வழிவிட்டு, மார்க்கக் காரணத்துக்கு வழியடைத்தால், மார்க்கம் மதிப்பில் குறைந்தது என்று அரசே எடைபோட்டதாகிவிடும். அவ்வாறு எடைபோடுகின்ற அரசு அதற்கு மிக வலுவான காரணத்தைக் காட்டியாக வேண்டும். நகராட்சியிடம் அத்தகைய காரணம் இல்லை. தாடிகள் பிழைத்தன.

இத்தீர்ப்பின் அழகு எங்கே இருக்கிறது? முஸ்லிம்களுக்குத் தனிச் சலுகை கொடுங்கள் என்று அது கூறவில்லை. நோயாளிக்கு நீட்டிய கையை இறையச்சமுள்ளவருக்கு மடக்காதே என்றுதான் கூறியது. இதனாலேயே பிற மதத்தினரும் பின்னாளில் தத்தம் வழக்குகளில் இத்தீர்ப்பை எடுத்தாண்டனர்.

அதே நீதிமன்றம், பத்தாண்டு கழித்து

இனிக் கூறப்போவது தோற்ற வழக்கு. வென்றவற்றை மட்டும் சொல்லி உங்களை மகிழ்வித்து அனுப்புவது நேர்மையாகாது. என்னைக் கேட்டால் நாம் ஊன்றிப் படிக்க வேண்டியது இதனைத்தான்.

பிலடெல்பியா நகரக் காவல்துறையில் 1995ஆம் ஆண்டு முதல் பணியாற்றிய ஒரு முஸ்லிம் சகோதரி, 2003ஆம் ஆண்டு பிப்ரவரியில் தம் மேலதிகாரியிடம் ஒரு கோரிக்கை வைத்தார். பணியில் இருக்கும்போது சீருடையோடு தலையை மூடிக்கொள்ள அனுமதி வேண்டும். முகமும் காதுகளும் மறையமாட்டா என்றார். துறையின் 78ஆம் எண் ஆணையைக் காட்டி அக்கோரிக்கை மறுக்கப்பட்டது. சீருடையில் எவையெவை இருக்கலாம் என்று வரையறுத்த ஆணை அது. மத அடையாளத்துக்கு அதில் இடமில்லை. அவர் சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் முறையிட்டார். அவ்வாண்டு ஆகஸ்டில் மூன்று நாட்கள் தலைமூடியே பணிக்கு வந்தார். மூன்று நாட்களும் வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். பின்னர் 13 நாட்கள் தற்காலிகப் பணிநீக்கம்.

வழக்கு மாவட்ட நீதிமன்றத்தில் தோற்று, அதே மூன்றாம் வட்டார நீதிமன்றத்துக்கு வந்தது. பத்தாண்டுகளுக்கு முன்பு தாடியைக் காத்த மன்றம் முக்காட்டைக் காக்காதா? 2009ஆம் ஆண்டு ஏப்ரலில் அது காக்கவில்லை.

காரணங்களைக் கேளுங்கள். நெவார்க் காவலர்கள் அரசியல் சாசனம் வழங்கும் மத உரிமையை முன்வைத்து வாதிட்டிருந்தனர். இச்சகோதரியின் வழக்கோ 1964ஆம் ஆண்டு சிவில் உரிமைச் சட்டத்தை ஆதாரமாகக் கொண்டது. ஊழியரின் மத அனுஷ்டானத்துக்கு முதலாளி இடமளிக்க வேண்டும், தனக்கு அளவுக்கு மீறிய சிரமம் ஏற்பட்டாலன்றி மறுக்கலாகாது என்கிறது அச்சட்டம். ஆனால் 1977ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பொன்றின் வழியாக, அற்பத்தைச் சற்றே தாண்டிய சிரமமும் போதுமானது என்று நீதிமன்றங்கள் பொருள்கொண்டு வந்தன. காவல்துறை மதச் சார்பற்றதாகத் தோன்ற வேண்டும் என்று நகரின் காவல் ஆணையர் அளித்த வாக்குமூலம் அந்தத் தராசுக்குப் போதுமானதாயிற்று. அதனை மறுக்கும் சாட்சியம் வழக்குக் கட்டில் இல்லை. நெவார்க்கில் இருந்ததைப் போன்ற மருத்துவ விலக்கு எதுவும் இங்கே காட்டப்படவுமில்லை.

அரசியல் சாசன வாதம் என்னவாயிற்று? அதனை மேல்முறையீட்டில் எழுப்பினர். முதல் நீதிமன்றத்தில் எழுப்பாத வாதத்தை இங்கே முதன்முறையாகக் கேட்க இயலாது என்று நீதிபதிகள் தள்ளிவிட்டனர். பெண் என்பதாலும் பாகுபாடு காட்டப்பட்டது என்ற குற்றச்சாட்டும் நிற்கவில்லை. ஆணையத்தில் அவர் அளித்த முறையீட்டில் அது இடம்பெறவில்லை என்பதே காரணம்.

நபி (ஸல்) அவர்கள் தம் வீட்டு வாசலில் வழக்காடி நின்றோரிடம் கூறியதாக உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் உள்ளது. தாமும் மனிதரே என்றும், ஒருவர் மற்றவரைவிட வாதத்திறன் மிக்கவராக இருக்கக் கூடுமென்றும், தாம் செவியுற்றதைக் கொண்டே தீர்ப்பளிப்பதாகவும், பிறருடைய உரிமை ஒருவருக்குத் தவறாகக் கிடைத்துவிட்டால் அது நெருப்பின் துண்டே என்றும் அண்ணலார் எச்சரித்தார்கள். நீதிபதி கேட்டதைக் கொண்டே தீர்ப்பளிப்பார் என்னும் அச்சொல்லை எண்ணிப் பாருங்கள். அமெரிக்க மேல்முறையீட்டு மன்றத்தின் நடைமுறை முழுவதும் அதன்மேல்தான் எழுப்பப்பட்டுள்ளது. கீழே சொல்லாததை மேலே எவரும் கேட்கமாட்டார்.

உங்கள் மகனோ மகளோ, தம்பியோ மருமகளோ இன்று நியூஜெர்சியிலும் பென்சில்வேனியாவிலும் வேலை பார்க்கக் கூடும். அவர்களுக்குத் தொலைபேசும்போது இதனையும் சொல்லிவையுங்கள். வேலையிடத்தில் மதத்தின் பேரால் இடர் நேர்ந்தால், ஆணையத்தில் முறையிட 180 நாட்கள்தான் அவகாசம். மாநிலத்திலும் அத்தகைய ஆணையம் உள்ள இடங்களில் 300 நாட்கள். அம்முறையீட்டில் எல்லாக் காரணங்களையும் எழுத வேண்டும். கோரிக்கையை வாய்மொழியாக விடாமல் எழுத்தில் கொடுத்து, வந்த பதிலைப் பத்திரப்படுத்த வேண்டும்.

முஹம்மது அலீயின் கிரிமினல் வழக்கு

இதுவரை சொன்னவை சிவில் வழக்குகள். கிரிமினல் வழக்கில் மேல்முறையீட்டின் அருமையை அறிய, நம் இல்லங்களில் பெயர் தெரியாதார் இல்லாத ஒருவரின் கதையே போதும்.

வியட்நாம் போருக்காக இராணுவத்தில் சேர 1967ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் ஹூஸ்டன் நகரில் குத்துச்சண்டை வீரர் முஹம்மது அலீ மறுத்தார். அதே ஜூன் மாதம் ஜூரிகள் அவரைக் குற்றவாளி என்றனர். ஐந்தாண்டுச் சிறை, பத்தாயிரம் டாலர் அபராதம். உலகச் சாம்பியன் பட்டம் பறிபோயிற்று. குத்துச்சண்டை உரிமமும் கடவுச்சீட்டும் போயின. (அந்நாளில் அவர் சார்ந்திருந்த இயக்கத்தின் கொள்கைகள் பல இஸ்லாமிய அகீதாவுக்கு முரணானவை. 1975ஆம் ஆண்டுக்குப் பிறகே அவர் சுன்னத் ஜமாஅத் வழிக்கு வந்தார் என்பதையும் வாசகர் மனத்தில் கொள்க.)

நியூ ஆர்லியன்சில் உள்ள ஐந்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 1968ஆம் ஆண்டு தண்டனையை உறுதி செய்தது. அவருடைய தொலைபேசிப் பேச்சுகளை அரசு ஒட்டுக்கேட்ட செய்தி வெளிவரவே, வழக்கு மறு ஆய்வுக்குத் திரும்பியது. 1970இல் அதே நீதிமன்றம் மீண்டும் தண்டனையை உறுதி செய்தது. மேல்முறையீடு நிலுவையில் இருந்தமையால் ஜாமீனில் வெளியே இருந்தார். ஆயினும் உடல் வலிமையின் உச்சத்தில் இருந்த மூன்றரை ஆண்டுகள் அவர் களத்தில் இறங்க முடியாமல் கழிந்தன.

இறுதியில் 1971ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தண்டனையை நீக்கிற்று. எட்டு நீதிபதிகளும் ஒருமனதாக அளித்த தீர்ப்பு அது. எந்தக் காரணத்தால் தெரியுமா? போருக்குச் செல்ல மனச்சாட்சி இடந்தரவில்லை என்போர்க்கு மூன்று சோதனைகள் இருந்தன: எல்லாப் போரையும் எதிர்க்கின்றாரா, அந்த எதிர்ப்பு மத நம்பிக்கையில் வேர்கொண்டதா, அவர் உண்மையுள்ளவரா? அலீ மூன்றிலும் தேறவில்லை என்று நீதித்துறை எழுதி அனுப்ப, இராணுவச் சேர்ப்பு மேல்முறையீட்டு வாரியம் காரணம் எதையும் குறிப்பிடாமல் அவர் விண்ணப்பத்தைத் தள்ளியது. உச்ச நீதிமன்றத்திலோ, இரண்டாவதிலும் மூன்றாவதிலும் அவர்மீது குறையில்லை என்று அரசே ஒப்புக்கொண்டுவிட்டது. அப்படியானால் வாரியம் எதனை நம்பி அவரைத் தள்ளிற்று? ஒருவேளை தவறான அந்த இரண்டில் ஒன்றை நம்பியிருந்தால்? அறிய வழியில்லை. காரணம் எழுதாத ஆணையின்மேல் கட்டிய தண்டனை சரிந்து விழுந்தது.

பள்ளிவாசல் வாசலில் கேமரா

மீண்டும் பிலடெல்பியா மன்றத்துக்கு வருவோம். 2001ஆம் ஆண்டு செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின்னர், நியூயார்க் நகரக் காவல்துறை தன் எல்லையைத் தாண்டி நியூஜெர்சிக்குள்ளும் முஸ்லிம்களை இரகசியமாகக் கண்காணித்து வந்தது. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 2011ஆம் ஆண்டு முதல் இதனை அம்பலப்படுத்தியது. குறைந்தது 20 பள்ளிவாசல்கள், 14 உணவகங்கள், 11 கடைகள், இரண்டு பள்ளிக்கூடங்கள், இரண்டு முஸ்லிம் மாணவர் சங்கங்கள் கண்காணிக்கப்பட்டன என்று பாதிக்கப்பட்டோர் தம் மனுவில் கூறினர். பள்ளிவாசலை நோக்கி விளக்குக் கம்பங்களில் கேமராக்கள் பொருத்தப்பட்டன. தொழ வந்தோரின் கார் எண்கள் படமெடுக்கப்பட்டன. மாணவர்கள் ஆற்றில் படகுச் சுற்றுலா சென்றபோது உடன் சென்ற உளவாளி, அவர்கள் எத்தனை முறை தொழுதார்கள் என்பதையும் குறித்துவைத்தார். உளவாளியின் குறிப்பேட்டில் இடம்பெறும் அளவுக்கு நம் பிள்ளைகள் தொழுகையைப் பேணியிருக்கிறார்கள் என்று ஆறுதல் கொள்ளலாம், வேறென்ன செய்வது!

வழக்குத் தொடுத்தவர்களில் அமெரிக்க இராணுவத்தின் சேமப்படை வீரர் ஒருவரும் இருந்தார். கண்காணிக்கப்படும் பள்ளிவாசலுக்குச் செல்வது தெரிந்தால் தம் பணிக்குப் பாதகம் வருமோ என அஞ்சி, அவர் பள்ளிக்குச் செல்வதைக் குறைத்துக்கொண்டார்.

2014ஆம் ஆண்டு பிப்ரவரியில் மாவட்ட நீதிமன்றம் இவ்வழக்கை விசாரணைக்கே எடுக்காமல் தள்ளுபடி செய்தது. தீங்கு விளைந்திருந்தால் அது செய்தி வெளியிட்டவர்களால் விளைந்தது, கண்காணிப்பால் அன்று என்பது ஒரு காரணம். பயங்கரவாதத்தைத் தடுப்பதே காவல்துறையின் நோக்கமாக இருந்திருக்கும், முஸ்லிம்களைத் துன்புறுத்துவது அன்று என்பது மற்றொரு காரணம்.

2015ஆம் ஆண்டு அக்டோபர் 13ஆம் நாள் மூன்றாம் வட்டார நீதிமன்றம் இரண்டையும் நிராகரித்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி தாமஸ் ஆம்ப்ரோ, நாங்கள் இரகசியமாகவே வைத்திருந்தால் உங்களுக்குத் தீங்கே இராது என்று அரசு கூறுவதை ஏற்க முடியாது என்றார். உள்ளத்தில் பகைமை இருந்ததா என்பது கேள்வியன்று. மதத்தை அளவுகோலாக வைத்து வேண்டுமென்றே ஒரு சாராரைப் பிரித்து நடத்தினால் அதுவே பாகுபாடு என்றும் விளக்கினார். பாதுகாப்பு என்ற சொல்லை உச்சரித்த மாத்திரத்தில் நீதிமன்றம் வாய்மூடி நிற்காது. இரண்டாம் உலகப் போரில் முகாம்களில் அடைக்கப்பட்ட ஜப்பானிய அமெரிக்கரையும், முன்னர் சந்தேகத்துக்கு இலக்கான யூதரையும் கறுப்பினத்தவரையும் அவர் நினைவூட்டினார்.

இத்தீர்ப்பு முஸ்லிம்களுக்கு முழு வெற்றி தந்துவிடவில்லை. மனுதாரர் கூறுவன மெய்யாயின் வழக்கு நிற்கும், எனவே விசாரணை செய்க என்று கீழ் நீதிமன்றத்துக்குத் திருப்பியனுப்பியது, அவ்வளவே. ஆனால் அந்த "அவ்வளவே" போதுமானதாயிற்று. 2018ஆம் ஆண்டில் நகரம் சமரசத்துக்கு வந்தது. மதத்தை அடிப்படையாகக் கொண்டு கண்காணிப்பதில்லை என்று ஒப்புக்கொண்டு இழப்பீடும் வழங்கியது.

அரை அங்குலம்

நீதிபதி அலிட்டோவை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? 2006ஆம் ஆண்டில் அவர் உச்ச நீதிமன்றத்துக்கு உயர்ந்தார். ஆர்கன்சா மாநிலச் சிறையிலிருந்த முஸ்லிம் கைதி ஒருவர் அரை அங்குலத் தாடிக்கு அனுமதி கேட்டார். தோல் நோயாளிகளுக்குக் கால் அங்குலம் அனுமதித்த சிறை நிர்வாகம், அவருக்கு மறுத்தது. தாடிக்குள் பொருள்களை மறைத்து வைப்பார்களாம். எட்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றமும் சிறை நிர்வாகத்தின் சொல்லையே ஏற்றுக்கொண்டது. அக்கைதி தம் கையாலேயே மனு எழுதி உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். தாடியைச் சீப்பால் வாரச் சொன்னால் உள்ளே சிறு துப்பாக்கி இருந்தாலும் விழுந்துவிடாதா என்று விசாரணையின்போது அலிட்டோ கேலியாகக் கேட்டார். 2015ஆம் ஆண்டு ஜனவரியில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகக் கைதியின் பக்கம் நின்றனர். தலைமுடி இருக்க, தாடியில் மட்டும் என்ன அபாயம் என்று கேட்ட அத்தீர்ப்பை எழுதியவரும் அலிட்டோவே.

மூன்றாம் முறையாக அவர் பெயர் வந்தது 2023ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள். பென்சில்வேனியாவில் ஒரு கிறிஸ்தவத் தபால் ஊழியர் ஞாயிற்றுக்கிழமையில் வேலை செய்ய மறுத்தார். அது தமக்கு இறைவணக்கத்துக்குரிய ஓய்வு நாள் என்றார். மூன்றாம் வட்டார நீதிமன்றம் பழைய தராசின்படி அவரைத் தோற்கடித்திருந்தது. உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அத்தராசையே மாற்றியது. அற்பச் சிரமத்தைக் காட்டி இனி முதலாளி மறுக்க இயலாது. தன் தொழிலின் தன்மையை நோக்கக் கணிசமான சுமை ஏற்படும் என்று காட்ட வேண்டும். பிலடெல்பியாச் சகோதரியின் தலைத்துணியை நிறுத்துப் பார்த்ததும் அந்தப் பழைய தராசில்தான். அவர் வழக்கு 2009ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்காக ஒரு கிறிஸ்தவர் பெற்ற தீர்ப்பையோ, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு ஒரு மணி நேர அனுமதி கேட்டு மறுக்கப்படும் முஸ்லிம் ஊழியர், முதல் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் முதல் மனுவிலேயே இன்று எடுத்துக்காட்டலாம்.